சின்ன இடிதானே, கார் சீட்டை மாத்தணுமா? அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார் சீட், அதாவது குழந்தைக்கென்று காரில் மாட்டும் தனி இருக்கை, சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் முகாம்களில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். அங்கேயும், நம் ஊர்ப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும், விபத்துக்குப் பிறகு கேட்கப்படும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வதற்குப் பதில் இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

இதெல்லாம் அமெரிக்காவில் வாங்கிய சீட்டுகளுக்கும் இங்குள்ள நடைமுறைக்கும் பொருந்துவது. விபத்தில் குழந்தைக்கு அடிபட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், முதலில் டாக்டரிடம் போங்கள்.

பின்னாடி லேசா ஒரு இடி. கார் சீட்டை மாத்தியே ஆகணுமா?

எல்லா இடிக்கும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும், அதுவும் இதே வரிசையில். முதலில் உங்கள் சீட்டின் மேனுவல். "எந்த விபத்தானாலும் மாற்றவும்" என்று அதில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "மிதமான அல்லது கடுமையான விபத்துக்குப் பிறகு மாற்றவும்" என்று இருந்தால், நடந்தது சின்ன விபத்துதானா என்பதை அடுத்த பதிலில் உள்ள ஐந்து நிபந்தனைகளை வைத்து முடிவு செய்யுங்கள்.

இரண்டிலும் தேறிய சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். குற்ற உணர்வு வேண்டாம். "குழந்தை விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதே" என்று யாராவது குழுவில் எழுதுவார்கள். தேறிய சீட்டை வைத்துக்கொள்வதில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை.

சின்ன விபத்துன்னு எதை வெச்சு முடிவு பண்றது? ஸ்பீடை வெச்சா?

வேகம் கணக்கிலேயே வராது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், சுருக்கமாக நிட்சா, ஐந்து நிபந்தனைகளைச் சொல்கிறது. ஒன்று, விபத்து நடந்த இடத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போக முடிந்திருக்க வேண்டும். இரண்டு, சீட்டுக்கு மிக அருகில் இருக்கும் கதவுக்குச் சேதம் இருக்கக் கூடாது. மூன்று, காரில் இருந்த யாருக்கும் அடிபட்டிருக்கக் கூடாது. நான்கு, ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது. ஐந்து, கார் சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதம் எதுவும் இருக்கக் கூடாது.

ஐந்தும் சேர்ந்து பொருந்தினால்தான் அது சின்ன விபத்து. ஐந்துக்கு நான்கு வாங்கினால் 80 மார்க் என்று நம் ஆட்கள் சமாதானம் சொல்லிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பரீட்சையில் 100 வாங்கினால்தான் பாஸ். ஒன்று தவறினாலும் அது மிதமான அல்லது கடுமையான விபத்து. அப்படிப்பட்ட விபத்தில் சிக்கிய சீட்டை மறுபடி பயன்படுத்தவே கூடாது என்கிறது நிட்சா.

மேனுவல் "மாத்து"ங்குது, நிட்சா "தேவையில்லை"ங்குது. யார் சொல்றதைக் கேக்கறது?

மேனுவல் சொல்வதைத்தான். உற்பத்தியாளரின் அறிவுரையை எப்போதும் பின்பற்றுங்கள் என்று நிட்சாவே சொல்கிறது, அதனால் இதில் உண்மையில் முரண்பாடு இல்லை. அந்த சீட்டுக்குள் என்ன பாகங்கள் இருக்கின்றன, அவற்றில் எவை ஒரே ஒரு முறைக்கானவை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். எந்த இடியானாலும் மாற்றச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு, நிட்சாவின் ஐந்து நிபந்தனைகளையே அப்படியே மேனுவலில் அச்சிடும் நிறுவனங்களும் உண்டு. ஒரே நிறுவனத்தின் மாடல்களிலும் வேறுபாடு இருக்கலாம். "என் ஃப்ரெண்டும் இதே பிராண்டுதான், மாத்தவே இல்ல" என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

விற்பனைக்காகத்தான் மாற்றச் சொல்கிறார்களோ என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் அந்த சீட்டுக்குப் பொறுப்பேற்பவர்கள் அவர்கள். அவர்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் அதில் குழந்தையை உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

மேனுவல் எங்க போச்சுன்னே தெரியல.

பெரும்பாலான சீட்டுகளின் பின்புறத்திலோ அடியிலோ மேனுவலைச் செருக ஒரு பை இருக்கும். முதலில் அங்கே பாருங்கள். இல்லாவிட்டால் சீட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். அதைப் படமெடுத்து, நிறுவனத்தின் தளத்திலிருந்து மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்டிக்கரில் காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள். தயாரித்ததிலிருந்து 6 முதல் 10 ஆண்டுகள் வரைதான் பெரும்பாலான சீட்டுகளுக்கு ஆயுள். தேதி முடிந்திருந்தால் விபத்தைப் பற்றிய கேள்வியே எழாது.

வெளியில ஒரு கீறல்கூட இல்லையே அக்கா. உள்ள என்னதான் ஆகியிருக்கும்?

கார் சீட் என்பது துணி மூடிய ஒரு பிளாஸ்டிக் கூடு. கூட்டுக்கும் துணிக்கும் நடுவே, தலைக்கு இருபுறமும், தெர்மகோல் போன்ற நுரைப்பொருள் இருக்கும். குழந்தையைக் கட்டும் ஹார்னஸ் பட்டிகள் கூட்டின் துளைகள் வழியாகப் பின்னால் போய் ஒரு உலோகத் தகட்டில் சேரும். சீட்டைக் காரோடு பிணைப்பது லாட்ச் பட்டியோ (காரின் பின் இருக்கையில் உள்ள கம்பிகளில் மாட்டும் பட்டி) காரின் சீட் பெல்ட்டோதான். முன்னோக்கிய சீட் என்றால் மேலே டெதர் பட்டியும் உண்டு. மோதும்போது இந்த எல்லாப் பாகங்களும் விசையைப் பங்குபோட்டு வாங்குகின்றன. நுரை நசுங்கி விசையை வாங்கும், நசுங்கினது திரும்ப எழும்பாது. பட்டிகள் இழுபட்டு நீளும். சில மாடல்களின் டெதரில் வேண்டுமென்றே பிரிந்துபோகும்படி தையல் போட்டிருப்பார்கள். பிரியும்போது அது விசையைக் குறைக்கும், ஆனால் ஒரு முறைதான்.

இவை நடந்திருக்கின்றனவா என்று பார்க்க, துணியைக் கழற்றாமல் முடியாது. மேனுவலில் சொன்னபடி உறையை எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கூட்டில் பெல்ட் நுழையும் வழியிலும் ஹார்னஸ் துளைகளின் ஓரத்திலும் பிளாஸ்டிக் வெளுத்துக் கோடு கோடாக இருக்கிறதா? மடங்கின பிளாஸ்டிக்கில் வரும் அதே வெளுப்புதான் அது, விசை தாக்கினதற்கு அடையாளம். நுரையில் விரிசல், பள்ளம் இருக்கிறதா? பட்டியில் நூல் பிரிந்திருக்கிறதா, பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கிறதா? பக்கிள் பூட்டித் திறப்பதில் ஏதாவது சிக்கலா? இதில் ஒன்று தெரிந்தாலும் ஐந்தாவது நிபந்தனை தவறிவிட்டது.

எதுவும் தெரியவில்லை என்றால் "சேதம் தெரியவில்லை" என்பதுதான் பதில், "சேதம் இல்லை" என்பதல்ல. மயிரிழை விரிசல் கண்ணில் படாது. அதனால்தான் மற்ற நான்கு நிபந்தனைகளும் இருக்கின்றன. மோதல் எவ்வளவு பலமாக இருந்தது என்பதைக் காரும் உள்ளே இருந்த மனிதர்களும் சொல்லிவிடுவார்கள்.

கம்பெனிக்காரங்க 30 மைல் வேகத்துல மோத வெச்சு டெஸ்ட் பண்றாங்களாமே? எங்களுது 10 மைல்தான் இருக்கும்.

குழந்தை சீட்டுகளுக்கான அமெரிக்க ஃபெடரல் தரம் 213-இன்படி நேர் மோதல் சோதனை மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில்தான். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 10 மைலில் இருப்பதைவிட 30 மைலில் ஒன்பது மடங்கு. சின்ன விபத்தைத் தாங்கிய சீட்டுகள் அதன் பிறகும் நன்றாகவே வேலை செய்தன என்று ஆய்வுகள் காட்டியதை வைத்துத்தான் நிட்சாவும் "எல்லா இடிக்கும் மாற்ற வேண்டாம்" என்கிறது. அந்த அளவில் உங்கள் கணக்கு சரி.

ஆனால் அந்தச் சோதனை புது சீட்டுக்கானது. அது கேட்பது, இந்த ஒரு மோதலில் குழந்தையைக் காப்பாற்றுமா என்பதை மட்டும். அதற்கடுத்த மோதலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அப்புறம், அந்தப் பத்து மைல் எங்கிருந்து வந்தது? பின்னால் வந்து இடித்தவரின் வேகத்தை நீங்கள் பார்க்கவில்லை. இடித்தவர் சொல்லும் வேகம் எப்போதுமே கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

குழந்தை அப்ப ஸ்கூல்ல இருந்தான். சீட் காலிதான். அப்பவும் மாத்தணுமா?

ஐந்து நிபந்தனைகளில் "குழந்தை உட்கார்ந்திருந்ததா" என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள். காலி சீட்டும் காரோடு பிணைந்திருக்கிறது, காரின் விசை அதற்குள்ளும் போகிறது. "காலியாக இருந்தாலும் மாற்றவும்" என்று பல மேனுவல்களில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஹார்னஸ் பட்டியிலும் பக்கிளிலும் குழந்தையின் எடை விழவில்லை என்பது உண்மை. ஆனால் அதை வைத்து நாமாகத் தள்ளுபடி கொடுத்துக்கொள்ள முடியாது. சீட்டைக் காரில் பொருத்தாமல் டிக்கியில் போட்டு வைத்திருந்தீர்கள் என்றால், நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

காஸ்ட்கோ பார்க்கிங்ல நின்ன கார்ல யாரோ இடிச்சுட்டுப் போயிட்டாங்க. அதுவும் விபத்தா?

விபத்துதான். யாரும் உள்ளே இல்லாததால் மூன்றாவது நிபந்தனை தானாகவே தேறிவிடும், மற்ற நான்கையும் பாருங்கள். இதில் பலர் தவறுவது கதவில்தான். பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறக்கும்போது பெயிண்ட் உரசியது வேறு, அதை யாரும் மோதல் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு வண்டி பின்பக்கக் கதவில் மோதி அது உள்ளே குழிந்திருக்கிறது என்றால், அந்தப் பக்கம் சீட் இருந்தால் தேறாது.

மேனுவல் "எந்த விபத்தானாலும்" என்று சொல்லும் சீட்டுகளுக்கு, இப்படி நிறுத்தியிருந்த காரில் பட்ட சின்ன இடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் கேட்கலாம். போனைவிட மின்னஞ்சல் நல்லது. எழுத்தில் வந்த பதில் பின்னால் இன்சூரன்ஸிடம் காட்ட உதவும்.

அன்னிக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள் காலையில எனக்குக் கழுத்து வலி. இதுவும் "அடிபட்டது" கணக்கா?

ஆமாம். பின்னாலிருந்து இடிபட்டவர்களுக்குக் கழுத்து வலி ஒரு நாள் கழித்துத் தெரிவது மிகச் சாதாரணம். மூன்றாவது நிபந்தனை "யாருக்கும் எந்தக் காயமும்" என்றுதான் சொல்கிறது, ரத்தம் வந்ததா, எலும்பு முறிந்ததா என்று கேட்கவில்லை. உங்கள் கழுத்தை அசைத்த விசை பின் சீட்டிலும்தான் பட்டிருக்கிறது.

"மாத்திரை போட்டா சரியாயிடும், இதுக்குப் போய் டாக்டரா" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரைப் பார்த்து வலியைப் பதிவு செய்துகொள்வது உங்கள் உடம்புக்கும் நல்லது, சீட்டுக்கான கிளெய்முக்கும் நல்லது. இந்தக் காரணத்தால்தான், விபத்து நடந்த அன்றே "எல்லாரும் நல்லா இருக்கோம், சீட் ஓகே" என்று அட்ஜஸ்டரிடம், அதாவது சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ்காரரிடம், முடித்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். இரண்டு நாள் போகட்டும்.

சீட்டை நடுவுல பொருத்தியிருக்கேன். "பக்கத்துக் கதவு"ன்னா எது?

நடு சீட்டுக்கு இரண்டு பின்கதவுகளும் ஒரே தூரம்தான், ஆகவே நான் இரண்டையும் பார்க்கச் சொல்வேன். மினிவேனின் மூன்றாவது வரிசையில் சீட் இருந்தால் அந்தப் பக்கத்து ஸ்லைடிங் கதவு. பின்னால் டிக்கிக் கதவு நசுங்கியிருந்தால்? மூன்றாவது வரிசைக்கு அதுவும் மிக அருகில்தான் இருக்கிறது. அதைத் தேறியதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

கார் ஓடுற நிலையிலதான் இருந்துச்சு, ஆனா பயந்துபோய் டோ பண்ணச் சொல்லிட்டோம்.

ஓட்ட முடிந்ததா என்பதுதான் கேள்வி, ஓட்டினீர்களா என்பது இல்லை. கை நடுங்கியது, அதனால் டோ வண்டியைக் கூப்பிட்டீர்கள் என்றால் முதல் நிபந்தனை தவறவில்லை. ரேடியேட்டர் ஒழுகியது, சக்கரம் கோணிக்கொண்டது, பம்பர் டயரில் இடித்தது என்றால் தவறிவிட்டது. மெக்கானிக் என்ன எழுதிக் கொடுக்கிறார் என்று பாருங்கள்.

இன்ஃபன்ட் சீட்டோட பேஸ் மட்டும்தான் கார்ல இருந்துச்சு. கேரியர் வீட்ல இருந்துச்சு.

விபத்தில் இருந்தது பேஸ், அதாவது காரிலேயே பொருத்தியிருக்கும் அடிப்பகுதி. கைக்குழந்தையை வைத்துத் தூக்கும் மேல்பகுதிதான் கேரியர். மாற்ற வேண்டி வந்தால் பேஸை மாற்றுங்கள், பல மாடல்களுக்குத் தனி பேஸ் விற்பனைக்கு உண்டு. வீட்டில் இருந்த கேரியருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேரியரும் சேர்ந்து காரில் இருந்திருந்தால் இரண்டையும் ஒரே சீட்டாகத்தான் எண்ண வேண்டும். "பேஸை மட்டும் மாத்திட்டா போதும்ல" என்பது அப்போது செல்லாது.

பூஸ்டர் வெறும் பிளாஸ்டிக் பலகைதானே? அதுக்குமா இதெல்லாம்?

அதற்கும்தான். பூஸ்டர் என்பது, காரின் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி வளர்ந்த குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை. முதுகு உள்ள பூஸ்டர், முதுகில்லாத பூஸ்டர் இரண்டுக்கும் அதே இரண்டு படிகள். முதுகில்லாத பூஸ்டர் விலை குறைவு என்பதால் அதில் நான் அதிகம் யோசிப்பதில்லை. சந்தேகம் வந்தால் மாற்றிவிடச் சொல்லிவிடுகிறேன்.

இன்சூரன்ஸ் காசு தருமா? எப்படிக் கேக்கணும்?

பெரும்பாலும் தருவார்கள், ஆனால் நீங்களாகக் கேட்க வேண்டும். தப்பு எதிர்த் தரப்பில் என்றால் அவர்களின் இன்சூரன்ஸ், உங்கள் பம்பருக்குக் கொடுப்பதுபோலவே பொருள் சேதமாகக் கார் சீட்டுக்கும் கொடுக்கும். தப்பு உங்களுடையது என்றால் உங்கள் பாலிசியில் கொலிஷன் கவரேஜ் (மோதலில் உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு) இருக்க வேண்டும். கார் ரிப்பேருக்கு என்று கிளெய்ம் திறந்திருந்தால் அதிலேயே சீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் இது சட்டத்திலேயே இருக்கிறது: விபத்தின்போது குழந்தை உட்கார்ந்திருந்த சீட்டை மாற்றித் தரும் பொறுப்பு பாலிசிக்கு உண்டு, கிளெய்ம் வரும்போது காரில் குழந்தை சீட் இருந்ததா என்று கம்பெனியே கேட்டாக வேண்டும். இல்லினாய் மாநிலத்திலும் இதே நோக்கத்தில் ஒரு சட்டம் உண்டு.

வேண்டியவை: கார் சேதத்தின் படங்கள், சீட் காரில் பொருத்தியபடி இருக்கும் படம், ஸ்டிக்கரின் படம், மேனுவலில் அந்த வரி உள்ள பக்கம், புது சீட்டின் ரசீது. பழைய ரசீது இல்லாவிட்டால் பரவாயில்லை, அதே மாடல் இன்று என்ன விலை என்று காட்டினால் போதும். வெவ்வேறு வயதில் மூன்று குழந்தைகள் என்றால் மூன்று சீட்டுகளையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, பின்னால் வந்து "அதுவும் இருந்துச்சு" என்றால் பேச்சு வளரும்.

கிளெய்ம் முடியும்வரை பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதைப் பார்க்க வேண்டும் என்றோ, பட்டிகளை வெட்டிப் படம் அனுப்பச் சொல்லியோ சில கம்பெனிகள் கேட்கும்.

"சீட்ல டேமேஜ் இல்ல, தர முடியாது"ன்னு அட்ஜஸ்டர் சொல்லிட்டாரு.

மேனுவல் மாற்றச் சொல்கிறது என்றால் வாக்குவாதமே வேண்டாம். அந்தப் பக்கத்தை அனுப்பி, "உற்பத்தியாளரின் அறிவுரை இது. இதை மீறி இதே சீட்டைப் பயன்படுத்தச் சொல்கிறீர்கள் என்றால் அதை எழுத்தில் தாருங்கள்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அப்படி எழுதிக் கொடுக்க யாரும் விரும்ப மாட்டார்கள். நம்மில் பலர் ஆபீஸ்காரர் ஒரு முறை இல்லை என்றதும் போனை வைத்துவிடுகிறோம். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேட்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை.

மேனுவலும் நிட்சாவைத்தான் சொல்கிறது, ஐந்தும் பொருந்துகிறது என்றால், அட்ஜஸ்டர் சொல்வது நியாயம்தான். உங்களுக்கு உண்மையிலேயே புது சீட் தேவையில்லை.

கிளெய்மே போடல. இடிச்சவரு கையில 200 டாலர் கொடுத்தாரு, விட்டுட்டோம்.

பம்பருக்கே பத்தாத பணம் அது. இனிமேலாவது, கைகுலுக்கி முடிக்கும் முன் பின் சீட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிடுங்கள். பேரத்தில் சீட்டின் விலையையும் சேர்க்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. பணம் யார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சோதனை மாறாது.

சர்டிஃபைட் டெக்னீஷியன்கிட்ட காட்டினா "இது ஓகே"ன்னு சொல்லிடுவாங்கல்ல?

சொல்ல மாட்டார்கள். குழந்தைப் பயணப் பாதுகாப்புத் தொழில்நுட்பர்களுக்கான சான்றிதழ்த் திட்டத்தை நடத்துவது சேஃப் கிட்ஸ் வேர்ல்ட்வைட். பல ஊர்களில் தீயணைப்பு நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் இலவசமாகப் பார்த்துக் கொடுப்பார்கள். பொருத்தியது சரியா, குழந்தையின் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்றதா, குறைபாட்டுக்காக நிறுவனம் திரும்ப அழைத்த மாடலா என்பதை எல்லாம் பார்ப்பார்கள். விபத்தில் இருந்த சீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. மேனுவலை உங்களோடு சேர்ந்து படித்து, மேலே சொன்ன ஐந்தையும் உங்களிடம் கேட்பார்கள். முடிவு உங்களுடையது.

அதற்குப் பதில், புது சீட் வந்ததும் அவர்களிடம் போங்கள். அதற்குத்தான் அவர்கள் உண்மையில் பயன்படுவார்கள்.

புது சீட் வர மூணு நாளாகும். அதுவரைக்கும் டேகேர் எப்படிப் போறது?

கடைக்குப் போய் இன்றே ஒன்று வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். விலை உயர்ந்த சீட்டுதான் பாதுகாப்பு என்பதில்லை, இங்கே விற்கும் எல்லாச் சீட்டுகளும் அதே தரம் 213-க்கு உட்பட்டவை. வாங்க முடியாவிட்டால், விபத்தில்லாத, காலாவதியாகாத சீட் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த நண்பர் வீட்டிலிருந்து இரவல் வாங்குங்கள். அதுவும் இல்லாவிட்டால் காரை விடுங்கள், வீட்டிலிருந்து வேலை பாருங்கள்.

விபத்து நடந்த இடத்திலிருந்து வீட்டுக்கு வர வேறு வழியில்லை என்றால்? இது என் சொந்தக் கருத்து: அந்த ஒரு பயணத்துக்கு இடிபட்ட சீட், அம்மாவின் மடியைவிட எவ்வளவோ மேல். மடியில் வைத்துக்கொண்டு "கெட்டியாப் பிடிச்சுக்கறேன்" என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. எந்தக் கையாலும் அந்த விசையைப் பிடித்து நிறுத்த முடியாது. எதற்கெடுத்தாலும் மாற்றச் சொன்னால், புதுசு வரும்வரை சீட்டே இல்லாமல் குழந்தைகள் பயணம் செய்ய நேரும் என்பதும், சின்ன விபத்துக்கு நிட்சா விலக்கு அளித்ததற்கு ஒரு காரணம்.

சீட்டை மாத்திட்டோம். கார்ல இருக்கற பெல்ட், கொக்கி எல்லாம்?

நல்ல கேள்வி, அபூர்வமாகத்தான் யாராவது கேட்கிறார்கள். காரின் சீட் பெல்ட்டுகளில் மோதும்போது இறுக்கிப் பிடிக்கும் பொறி இருக்கும். அது ஒரு முறை வேலை செய்துவிட்டால் மாற்ற வேண்டும். மோதலின்போது பயன்பாட்டில் இருந்த பெல்ட்டைப் பற்றிக் காரின் மேனுவலிலும் தனியாக அறிவுரை இருக்கும். ரிப்பேர் கடையில் வண்டியை விடும்போதே, லாட்ச் கம்பிகளையும் டெதர் கொக்கி மாட்டும் இடத்தையும் பின் சீட் பெல்ட்டுகளையும் பார்க்கச் சொல்லி வேலைத்தாளில் எழுத வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் பம்பரை மாற்றி பெயிண்ட் அடித்துத் தந்துவிடுவார்கள்.

பழைய சீட்டை என்ன பண்றது? குப்பையில போடலாமா?

வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டுப் போடுங்கள். துணியைக் கழற்றி, ஹார்னஸ் பட்டிகளை வெட்டி, கூட்டின் மேல் மார்க்கரால் "விபத்தில் சிக்கியது, பயன்படுத்தாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதுங்கள். தெருவோரம் முழுசாக வைத்த சீட் பத்து நிமிஷத்தில் காணாமல் போய்விடும், எடுத்துப் போனவருக்கு அதன் கதை தெரியாது.

டார்கெட் கடைகள் 2016 முதல் பழைய சீட்டுகளை வாங்கிக்கொண்டு தள்ளுபடிக் கூப்பன் தருகின்றன, வழக்கமாக ஏப்ரல், செப்டம்பர் வாக்கில். காலாவதியானதும் சேதமானதும்கூட எடுத்துக்கொள்வார்கள், அவை மறுசுழற்சிக்குப் போகும். அவசரமில்லை என்றால் கராஜில் வைத்திருந்து அப்போது கொடுக்கலாம்.

தூக்கிப் போட மனசே வரல அக்கா. 300 டாலர் சீட். ஊருக்கு எடுத்துட்டுப் போய் அப்பா கார்ல வெச்சுக்கலாமா? அங்க சீட்டே இல்லாம போறதுக்கு இது பரவாயில்லதானே?

இது மறுபடி மறுபடி வருகிறது, கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இங்கே குழந்தைக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கிய சீட், மதுரையிலோ கோயம்புத்தூரிலோ அதே குழந்தைக்கு எப்படி ஆகும்? நான்குவழிச் சாலையில் அப்பாவின் கார் போகும் வேகம் இங்கே நாம் டேகேர் போகும் வேகத்தைவிடக் குறைவு இல்லை. தங்கைக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று அது கைமாறிப் போனால் விபத்துக் கதையும் அங்கே மறந்துபோகும்.

"சீட்டே இல்லாததுக்கு" என்ற வாதமும் இப்போது பழசு. இந்தியாவில் குழந்தை இருக்கைகள் கடையிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம். தேறிய, நல்ல சீட்டை எடுத்துப் போவது வேறு விஷயம். அதைக்கூட அப்பாவின் காரில் சரியாகப் பொருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பிப் போறவங்க குழுவுல "கார் சீட், நல்ல கண்டிஷன், 40 டாலர்"னு போடறாங்க. வாங்கலாமா?

விற்பவரை உங்களுக்குத் தெரியும், அவர் சொல்வதை நம்புவீர்கள் என்றால் வாங்கலாம். "ஆக்ஸிடென்ட் ஆச்சா?" என்று மட்டும் கேட்டால் "இல்ல" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் பார்க்கிங்கில் பட்டதை யாரும் ஆக்ஸிடென்ட் என்று எண்ணுவதில்லை. "இந்த சீட் இருந்தப்ப கார் எங்கயாவது இடிபட்டுச்சா, நின்னுட்டு இருந்தப்பகூட?" என்று கேளுங்கள். நீங்கள்தான் முதல் சொந்தக்காரரா என்றும் கேளுங்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், பாகங்கள் குறைந்திருந்தால், பதில் இழுபட்டால் வேண்டாம். முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

இதை எல்லாம் இப்பத்தான் படிக்கறேன். எங்களுக்கு இடிச்சது ரெண்டு வருஷம் முன்னாடி. அதே சீட்லதான் பொண்ணு இன்னும் போறா.

நாள் கடந்ததால் சீட் தானாகச் சரியாகிவிடாது, சோதனையும் மாறாது. அன்றைய படங்கள் போனில் இருக்கும், ரிப்பேர் பில் இன்சூரன்ஸ் கணக்கில் இருக்கும். அவற்றை வைத்து ஐந்து நிபந்தனைகளையும் இன்று ஓட்டிப் பாருங்கள். கதவு மாற்றினார்கள், ஏர்பேக் மாற்றினார்கள் என்று பில்லில் இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. மேனுவலின் வரியையும் பாருங்கள். தேறவில்லை என்றால் இன்று சாயங்காலமே மாற்றுங்கள்.

பழைய கிளெய்ம் எண் இருந்தால் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கெடு முடிந்துவிட்டது என்று சொல்லலாம், சில சமயம் மறுபடி திறந்தும் தருவார்கள். அதற்காகக் காத்திருக்காமல் சீட்டை முதலில் வாங்கிவிடுங்கள், ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.